குரல் வருவதற்கு முன்

பவர் பட்டனை அழுத்தினால் பெட்டிக்குள் காற்றாடி சுழலும். சற்றுப் பொறுத்து ஒரே ஒரு பீப். அதன் பிறகு ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தில்தான் வசந்தகுமாரி தன் கடவுச்சொல்லை அடிப்பாள். எண்டர் தட்டிவிட்டுக் காத்திருப்பாள். ஹார்ட் டிஸ்க் முனகத் தொடங்கும். பிறகு குரல் வரும்.

குரல் வந்துவிட்டால் கவலையில்லை. திரையில் உள்ளதையெல்லாம் அது படித்துச் சொல்லும். அவள் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் திருப்பிச் சொல்லும். பிறவியிலேயே பார்வை இல்லாத அவளுக்குக் கம்ப்யூட்டர் என்றால் அந்தக் குரல்தான். ஆனால் குரல் விழிப்பதற்கு முன்னால் மெஷின் விழித்துவிடுகிறது. விழித்து, பேசாமல், ஒரே ஒரு சொல்லுக்காக உட்கார்ந்திருக்கிறது. தப்பாகச் சொன்னால் தப்பு என்றுகூடச் சொல்லாது.

விஜயதசமி அன்று காலை அவள் சொல்லை அடித்தாள். எண்டர் தட்டினாள். முனகல் வரவில்லை.

அவசரத்தில் விரல் தவறியிருக்கும் என்று நினைத்தாள். கைகளைத் துடைத்துக்கொண்டாள். இடது ஆள்காட்டி விரல் எஃப் மேட்டில், வலது ஆள்காட்டி விரல் ஜே மேட்டில். பழைய கீபோர்டு அது. ஜே விசையின் மேடு எப்போதோ தேய்ந்துபோனது. பிளாஸ்டிக் ஒட்டும் பசையில் ஒரு துளி விட்டுக் காயவைத்து அவளே மேடு போட்டிருந்தாள். விரல் அதைத் தேடிக் கண்டுபிடித்து அமர்ந்தது. நிதானமாக அடித்தாள்.

முனகல் இல்லை.

மூன்றாவது முறை அடித்தபோது ஒரு நீண்ட பீப் வந்தது. அப்படி ஒரு சத்தத்தை அவள் இதற்கு முன் கேட்டதில்லை. அதற்குப் பிறகு எந்த விசையைத் தட்டினாலும் காற்றாடிச் சத்தம் மட்டும்தான்.

"இன்னாமே, மிஷினு புதுசா ராகம் பாடுது?" என்றான் துலுக்கானம், சமையலறையிலிருந்து. மீந்துபோன பொரியையும் கடலையையும் தின்றுகொண்டிருந்தான்.

அவள் கணவன். அவனுக்கும் பார்வை கிடையாது. பூந்தமல்லியில் பார்வையற்றோர் பள்ளியில் இருவரும் ஒரே வகுப்பு. படிப்பு முடிந்ததும் அவள் ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்த அப்பா வீட்டுக்குத் திரும்பினாள். அவன் பூந்தமல்லியை விட்டு நகரவில்லை. பிறகு அவளையும் இங்கேயே கூட்டிவந்துவிட்டான். திருமழிசை எஸ்டேட்டில் போல்ட் பாக்கெட் போடும் யூனிட்டில் வேலை. இன்று லீவு.

"பாஸ்வேர்டை எடுத்துக்க மாட்டேங்குது" என்றாள்.

"மறந்து கிறந்து போச்சா?"

"என் பேரை மறந்தாலும் அதை மறக்க மாட்டேன்."

"அப்ப அது மறந்துச்சா?"

அவள் போனைத் தடவி எடுத்தாள்.

இரண்டு மணிக்கு அவள் லைனில் இருக்க வேண்டும். தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கும் ஒரு கம்பெனியின் புகார் பிரிவு. வீட்டிலிருந்தே வேலை. பயிற்சிக்காலம் முழுவதும் லைனில் இன்னொருவர் கேட்டுக்கொண்டே இருந்தார். இன்றுதான் முதல் தடவை தனியாக அழைப்பு எடுக்கப்போகிறாள். அந்தக் கம்பெனியில் பார்வையில்லாத ஒருவரை எடுத்ததும் இதுதான் முதல் தடவை. மேலாளர் சௌம்யா சண்டை போட்டு வாங்கிக் கொடுத்த இடம். "ரெண்டு மணிக்கு நீங்க லைன்ல இருந்தா போதும், மத்தவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்று முந்தாநாள் போனில் சொன்னாள். கொஞ்சம் நிறுத்தி, "இல்லன்னா எனக்குப் பேச வாய் இருக்காது வசந்தா" என்றாள்.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களின் கம்ப்யூட்டர் திறக்கும்போதே கடவுச்சொல் கேட்க வேண்டும் என்பது கம்பெனி விதி. அதைப் போட்டுக் கொடுக்கத்தான் கோகுல்நாத் வந்திருந்தான். கம்பெனியின் கம்ப்யூட்டர் ஆள், சின்ன வயசு. "மேடம், இது விண்டோஸுக்கும் முன்னாடி வர்றது. அங்க உங்க வாய்ஸ் சாஃப்ட்வேர் பேசாது" என்று அன்றைக்கே தயங்கினான். "பரவாயில்ல, போடுங்க" என்றாள். சொல்லை அவளே அடித்தாள். அவன் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டான்.

இப்போது அவனுக்குத்தான் போன் செய்தாள். ஸ்பீக்கரில் காற்று அடித்தது. பஸ்ஸில் இருந்தான், பூஜை லீவுக்குத் தருமபுரிப் பக்கம் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"கேப்ஸ் லாக் ஆன்ல இருக்கா பாருங்க மேடம். சாரி. யாரையாவது பாக்கச் சொல்லுங்க."

மாடியில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. துலுக்கானம் துடைப்பக் கட்டையை எடுத்துக் கூரையில் இடித்தான். ஓட்டம் நின்றது. சபீனா படியிறங்கி வந்தாள். மேல்வீட்டுக்காரி. மெஷின் எண்ணெய் வாசனை அவளுக்கு முன்னால் வந்தது.

"இன்னாண்ணே, கூரைய உடைச்சிகினு. ஓனர் கேட்டா நீ பதில் சொல்லு." உள்ளே வந்தவள் சிரித்தாள். "அட, எல்லாத்துக்கும் பொட்டு. மிக்ஸிக்குப் பொட்டு, ரேடியோக்குப் பொட்டு. அக்கா, உனக்கு வெச்சுதா அண்ணன்?"

துலுக்கானத்துக்கு ஆயுத பூஜை என்றால் உயிர். யூனிட்டில் மெஷின்களுக்குப் பூஜை முடித்துவிட்டு வந்து வீட்டையும் விடமாட்டான். நேற்றுக் காலை ஒவ்வொரு சாமானையும் ஈரத்துணியால் துடைத்தான். எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து, சந்தனத்தின் மேல் குங்குமம் வைத்து, பொரி படைத்தான். படைத்த சாமானை அன்று யாரும் தொடக்கூடாது. அதனால் நேற்று முழுவதும் அவள் கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை.

"சபீனா, கீபோர்டுல ஏதாவது லைட் எரியுதா பாரு."

"ஒண்ணு எரியுது. நம்பர் போட்டுக்கீற பக்கம்."

"அது எரியலாம்" என்றது போன். "கேப்ஸ் லாக் இல்ல. ஒரு தடவை அணைச்சுப் போடுங்க. அடிக்கும்போது ஸ்க்ரீன்ல என்ன வருதுன்னு அவங்களைப் பாக்கச் சொல்லுங்க."

அணைத்துப் போட்டாள். பீப். அடித்தாள்.

"என்ன தெரியுது?"

"புள்ளிக்கா. நீ ஒண்ணு தட்டுனா ஒரு புள்ளி."

"எந்த எழுத்துன்னு?"

"அது தெரில. வெறும் புள்ளிதான்."

வசந்தகுமாரியின் விரல்கள் விசைகளின் மேல் நின்றன.

"உனக்கே தெரியலையா?"

"யாருக்கும் தெரியாது மேடம்" என்றான் கோகுல்நாத். "அப்படித்தான் செஞ்சிருக்காங்க."

அவள் அப்படி ஓர் இடத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. பள்ளியில், பஸ்ஸில், ரேஷன் கடையில், எங்கேயும் பார்வை உள்ளவருக்கு எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். அதற்குப் பழகியிருந்தாள். இங்கே, மெஷின் விழித்ததற்கும் குரல் விழிப்பதற்கும் நடுவில், சபீனாவின் கண்ணுக்கும் அவள் விரலுக்கும் ஒரே கதி.

எண்டர் தட்டினாள். முனகல் வரவில்லை.

"தப்புன்னு சிகப்பா ஒண்ணு எழுதிகீது" என்றாள் சபீனா.

பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்த பிறகு கோகுல்நாத் பேசினான். "ஒரு வழிதான் இருக்கு. ரீசெட் பண்ணணும். பெட்டியைத் திறந்து மதர்போர்டுல இருக்கிற பேட்டரியைக் கழட்டணும். நாளன்னிக்கு நானே வந்து..."

"ரெண்டு மணிக்கு வேணும் கோகுல்."

"உங்களைச் செய்யச் சொல்ல முடியாது மேடம். கூட இருக்கிறவங்க..."

"அய்யோ, நானில்ல!" சபீனா பின்னால் நகர்ந்தது கேட்டது. "எனக்குக் கரன்ட்டுன்னாலே ஒதறும். என் மெஷினே காலால மிதிக்கிறது."

"சொல்லுங்க கோகுல். என்ன செய்யணும்?"

அவன் சொல்லத் தொடங்கினான். பின்பக்க வயரைப் பிடுங்கச் சொன்னான். கரன்ட் இல்லாத மெஷினின் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து, உள்ளே மிச்சம் இருப்பதை வடியவிடச் சொன்னான். சபீனா ஓடிப்போய்த் தையல் மெஷின் திருப்புளியை எடுத்துவந்தாள். பக்கத்துத் தகட்டின் ஸ்க்ரூ இறுகிப்போய் இருந்தது. துலுக்கானம் திருப்புளியை வாங்கி ஒரே திருகில் திருப்பினான். போல்ட்டோடு பழகிய கை.

தகடு கழன்று வந்தது. சூடும் புழுதியும் கலந்த மணம் முகத்தில் அடித்தது.

"யம்மா..." என்றாள் சபீனா. அவள் குரல் தணிந்துவிட்டது. "உள்ள ஒரு ஊரே கீதுக்கா."

"ஊரா?"

"மேம்பாலத்து மேலேர்ந்து அம்பத்தூர் எஸ்டேட்டப் பாத்தா மாதிரி. ஷெட்டு ஷெட்டா. சின்னச் சின்னத் தண்ணித் தொட்டி. ரோடு போட்டுகீறான் பச்சையில, கோடு கோடா. இவ்ளோ ரோடு எதுக்குக்கா? யாரு போறாங்க இதுல?"

"முதல்ல பெட்டியோட இரும்பைத் தொட்டுட்டு அப்புறம் உள்ள கை விடுங்க மேடம்" என்றான் கோகுல்நாத். "மெதுவா."

அவள் இரும்பைத் தொட்டாள். பிறகு கையை உள்ளே விட்டாள்.

இந்த மெஷினோடு அவள் நெடுங்காலம் பேசியிருக்கிறாள். இதன் தோலைத் துடைத்திருக்கிறாள். உள்ளே தொட்டது இல்லை. விரல் முதலில் ஒரு காற்றாடியில் பட்டது. அதன் கீழே தாள் தாளாக நின்ற உலோகம், இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. நட்டுவைத்த பலகைகள். சோளமுத்துப் போல உருண்டைகள். தடவத் தடவ முடியவில்லை. அவளுக்குத் தெரிந்த எந்த எழுத்தையும்விட நெருக்கமாக, புள்ளிகளாக, மேடுகளாக ஒரு பக்கம் முழுக்க யாரோ எழுதிவைத்திருந்தார்கள். பிரெய்ல் படித்த விரல் அது. தானாகவே இடமிருந்து வலமாகப் போனது. ஒன்றும் புரியவில்லை. நிறுத்தவும் மனம் வரவில்லை.

"கீழ்ப்பக்கம் மேடம். வழவழன்னு, வட்டமா."

கிடைத்தது. ஒரு காசு. அந்த நெரிசலில் அது ஒன்றுதான் வழுவழுப்பு.

"இது எதுக்கு கோகுல்?"

"டைம் ஓடணும் இல்லையா மேடம்? கரன்ட் இல்லாதப்பவும். அதைப் பார்த்துக்கிறது இதுதான். உங்க பாஸ்வேர்டையும், மத்த செட்டிங்கையும் இதுதான் பிடிச்சு வெச்சிருக்கு."

"கரன்ட் இல்லாதப்பவுமா?"

"பிளக்கையே பிடுங்கிப் போட்டாலும்."

அவள் அதன் மேல் விரலை வைத்தபடியே இருந்தாள். புயல் வந்து தெரு முழுக்கக் கரன்ட் போன நாட்கள். நேற்று, பூஜை போட்ட சாமானைத் தொடக்கூடாது என்று இருவரும் விலகியிருந்த பகல். இவர்கள் தூங்கிய இரவெல்லாம். அணைத்துவிட்டேன் என்று நினைத்து அவள் எழுந்துபோன ஒவ்வொரு முறையும் இது மட்டும் இந்த இருட்டுக்குள் நொடியை எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது. சத்தமில்லை. சூடுகூட இல்லை.

"ஓரத்துல ஒரு கிளிப் இருக்கும். நகத்தால தள்ளுங்க. எகிறி வந்துடும்."

"பாபின் கேஸ் கழட்டுற மாதிரிதான்க்கா" என்றாள் சபீனா, எட்ட நின்று.

தள்ளினாள். அது எகிறி அவள் உள்ளங்கையில் விழுந்தது. எடையே இல்லை.

"குடுமே இப்படி" என்றான் துலுக்கானம். வாங்கி விரல்களுக்கு நடுவில் உருட்டினான். "இம்மாத்தூண்டா?" காதருகே கொண்டுபோனான். யூனிட்டில் ஆணியையும் போல்ட்டையும் மூட்டை மூட்டையாக அள்ளிக் கொட்டுகிறவன், அதைக் கீழே போட்டுவிடக் கூடாதே என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"அப்ப இப்ப எண்ணுறத நிறுத்திடுச்சா?"

வெளியே நசரத்பேட்டை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவன் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

கோகுல்நாத் போதும் என்றதும் அதைத் திருப்பிப் பொருத்தினாள். வயரை மாட்டினாள். தகட்டை மூடாமலே பவர் பட்டனை அழுத்தினாள்.

காற்றாடி. பீப்.

"இங்கிலீஷ்ல நெறைய எழுதிகீது" என்றாள் சபீனா. எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் அளவெடுக்கிற இங்கிலீஷ். ஆனாலும் எழுத்தெழுத்தாக விடாமல் சொன்னாள். "அவ்வளவுதான், எஃப் ஒண்ணு தட்டுங்க" என்றான் கோகுல்நாத். பிறகு எதைத் தட்டிச் சேமித்து வெளியே வருவது என்று சொன்னான்.

தட்டினாள். எதுவும் இல்லை.

பிறகு ஹார்ட் டிஸ்க் முனகியது.

அவள் எழுந்து நின்றுவிட்டாள். முனகல் நீண்டது. கடைசியில் குரல் வந்தது. அதே குரல், அதே தட்டையான உச்சரிப்பு. திரையில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தது, ஒன்றுமே நடக்காததுபோல.

"பேசுது!" என்று கத்தினாள் சபீனா.

எல்லாம் இருந்தது. அவள் சேமித்த குறிப்புகள், பயிற்சியில் பதிந்த குரல்கள், எல்லாம். நேரம் கேட்டாள். குரல் சொன்னது: நள்ளிரவு பன்னிரண்டு தாண்டிச் சில நிமிடம். ஜனவரி ஒன்று. இரண்டாயிரத்துப் பன்னிரண்டு.

"அது பிறந்த தேதிக்குப் போயிடுச்சு மேடம்" என்றது போன். "மதர்போர்டு செஞ்ச வருஷம்."

"ரெண்டாயிரத்துப் பன்னெண்டா?" என்றான் துலுக்கானம். "அப்ப நமக்குக் கண்ணாலமே ஆவலமே."

"அப்படின்னா நான் இப்பவும் தப்பிச்சுக்கலாம்."

"சபீனா, கதவச் சாத்து."

அவள் சிரித்துக்கொண்டே தேதியைச் சரிசெய்தாள். அதற்கு எண் பலகை போதும், அம்புக்குறிகள் போதும். தேதி தப்பாக இருந்தால் கம்பெனியின் இணைய வாசல் திறக்காது என்று கோகுல்நாத் சொல்லியிருந்தான். பிறகு கம்பெனி பக்கத்தைத் திறந்து தன் பெயரை அடித்தாள். வசந்தா. ஆங்கில எழுத்துகள்.

குரல் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னது. வி. ஏ. எஸ். ஏ. எம். டி. ஜே. ஏ.

அழித்தாள். மறுபடி அடித்தாள்.

வி. ஏ. எஸ். ஏ. எம். டி. ஜே. ஏ.

எம் இல்லை, என். ஜே இல்லை, எச். இடது கை அடித்ததெல்லாம் சரி. வலது கை அடித்ததெல்லாம் ஒரு வீடு தள்ளிப் போயிருந்தது.

வலது ஆள்காட்டி விரலை அது அமர்ந்திருந்த மேட்டின் மேலேயே வைத்து அழுத்தினாள்.

"கே" என்றது குரல்.

நகத்தால் அந்த மேட்டைச் சுரண்டினாள். பொடியாக உதிர்ந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனாள்.

சந்தனம்.

"யோவ்" என்றாள்.

அவள் அப்படிக் கூப்பிட்டால் என்ன அர்த்தம் என்று துலுக்கானத்துக்குத் தெரியும். "இன்னா?" என்றான், வாசல் பக்கம் நகர்ந்து.

"நேத்து கீபோர்டுலேர்ந்து எதையாவது சுரண்டி எடுத்தியா?"

"ஆமா. போன வருச சந்தனம். கல்லாட்டம் புடிச்சிகினு இருந்துச்சு. வரவே இல்ல. கத்தி வெச்சு நைசா எடுத்தேன்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னான். "பழசு மேல புதுசு வெக்கக் கூடாதுல்ல? பக்கத்துல நல்லா எடமாப் பாத்து வெச்சேன்."

"அது சந்தனம் இல்ல. பசை. அதுதான் என் ஜே."

அவன் புரிந்துகொள்ள நேரமானது. "அப்ப நான் வெச்சது?"

"கே."

முதலில் வெடித்துச் சிரித்தது சபீனா. "கம்ப்யூட்டருக்குப் பொட்டு வெக்கறேன்னு பொண்டாட்டி கைய இடம் மாத்திட்டியேண்ணே!" போனுக்குள் கோகுல்நாத் சிரிப்பை அடக்குவது கேட்டது. பிறகு அவனும் அடக்கவில்லை.

"மேடம், அப்ப அந்தப் பாஸ்வேர்டு?"

"ஒண்ணும் ஆகலை கோகுல். அது சரியாத்தான் இருந்திருக்கு. நான்தான் வேற எதையோ சொல்லிட்டு இருந்திருக்கேன்."

சொன்ன பிறகு அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. காலையிலிருந்து அது பிடிவாதம் பிடிக்கிறது, மறந்துவிட்டது, கெட்டுவிட்டது என்றெல்லாம் நினைத்தாள். அது எதுவும் செய்யவில்லை. அவள் கொடுத்துவைத்த ஒரு சொல்லை அந்தக் காசளவு இருட்டில் வைத்துக் காத்தது. அவளே வந்து தட்டியும், சொல் ஒரு விசை தள்ளியிருந்ததால் விடவில்லை. வந்து நிற்பது தான்தான் என்று அவள் நிச்சயமாக இருந்தாள். அது அவளைவிட நிச்சயமாக இருந்தது. அவளுக்காகத்தான் அவளை வெளியே நிறுத்தியது. அதன் கையிலிருந்து அந்தச் சொல்லைப் பிடுங்கி எறிந்தது இவள்தான்.

மேலே குக்கர் நீளமாக விசில் அடித்தது. "அல்லா, என் பருப்பு!" என்று சபீனா ஓடினாள்.

"மேடம், ஒரு வேலை பாக்கி" என்றான் கோகுல்நாத். "இப்ப உங்க மெஷின்ல பாஸ்வேர்டு இல்ல. லாகின் பண்ணும்போது கம்பெனி சிஸ்டம் அதைச் சரிபார்க்கும். இல்லன்னா உள்ள விடாது. மறுபடி செட்டப்புக்குள்ள போய்ப் போடணும். அங்க குரல் வராது. அவங்களைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்க. எங்க பஸ் இப்ப மலைக் கணவாய் ஏறுது, சிக்னல் போயிடும்."

"வழியை மட்டும் சொல்லுங்க."

எந்த விசையில் உள்ளே போவது, எந்தப் பக்கம் அம்பு, எங்கே எண்டர் என்று வேகமாகச் சொன்னான். அவள் கூடவே முணுமுணுத்தாள். "ஒவ்வொரு அம்புக்கும் நடுவில கொஞ்சம் நிறுத்துங்க. அவசரப்பட்டா தாண்டிப் போயிடும். தப்பாப் போயிட்டா எஸ்கேப்..." போன் அறுந்தது.

மாடியில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. சபீனா உடனே வரமாட்டாள். மணி ஒன்றரை தாண்டியிருந்தது.

"கூரைய இடிக்கட்டா?" என்றான் துலுக்கானம். குரலில் குற்றம் இருந்தது.

"வேணாம். சந்தனம் மிச்சம் இருக்கா?"

கிண்ணத்தை எடுத்துவந்தான். காய்ந்துபோயிருந்தது. தண்ணீர் விட்டுக் குழைத்தான். அவள் கேயிலிருந்த பொட்டைச் சுத்தமாகச் சுரண்டினாள். எஃப் மேட்டிலிருந்து எண்ணிப் போய் ஜேயைப் பிடித்தாள். அவன் விரலை இழுத்து அதன் மேல் வைத்தாள்.

"இங்க."

"இதான் ஜேவா?"

"இதான்."

அவன் மூச்சுவிடாமல் ஒரு பொட்டு வைத்தான். "குங்குமம்?"

"வேணாம், ஆளை விடு."

மெஷினை அணைத்துப் போட்டாள். பீப் வருவதற்குள் கோகுல்நாத் சொன்ன விசையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். காற்றாடி. பீப். பிறகு அந்த இடம்.

முனகல் இல்லை, அப்படியானால் உள்ளே வந்துவிட்டாள். அதைத் தவிர வேறு அடையாளம் கிடையாது. ஒரு அம்பு. நிறுத்தம். ஒரு அம்பு. நிறுத்தம். அவள் எந்தக் கதவைக் கடக்கிறாள் என்று சொல்ல யாரும் இல்லை. துலுக்கானம் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் மனத்தில் அந்தப் பச்சைச் சாலைகள் ஓடின. எவ்வளவு நெருக்கம். அதில் எங்கோ ஒரு சின்ன அறை. அங்கே போய் ஒரு சொல்லை வைத்துவிட்டு வர வேண்டும்.

எண்டர். புதிய சொல்லை அடித்தாள். ஆள்காட்டி விரலின் கீழ் சந்தனம் ஈரமாக நெகிழ்ந்தது. மறுபடி அதே சொல். எண்டர். சேமித்து வெளியேறும் விசை. எண்டர்.

காற்றாடி நின்றது. மறுபடி சுழன்றது. பீப்.

அவள் எதையும் தொடவில்லை.

சொல் உள்ளே போயிருக்காவிட்டால் இப்போது முனகும். முனகிக்கொண்டே நேராக விண்டோஸுக்குப் போய்விடும். காதைப் பெட்டியருகே கொண்டுபோனாள்.

முனகவில்லை.

"இன்னாமே? போச்சா?" என்றான் துலுக்கானம் கிசுகிசுப்பாக.

"சும்மா இரு."

அது பேசாமல் இருந்தது. காலையில் அவளை நடுங்கவைத்த அதே மௌனம். இப்போது அதை முழுசாகக் கேட்டாள். அதற்குள் ஒருவர் விழித்து உட்கார்ந்திருப்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அவளுக்காகத்தான். சொல்லுக்காகத்தான். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கத் தோன்றியது. நேரமில்லை.

சொல்லை அடித்தாள். எண்டர் தட்டினாள்.

ஹார்ட் டிஸ்க் முனகியது. குரல் வந்தது.

கம்பெனி வாசலில் பெயரை அடித்தாள். வி, ஏ, எஸ், ஏ, என், டி, எச், ஏ. வாசல் சரிபார்த்தது, யோசித்தது, திறந்தது. ஹெட்போனை மாட்டினாள். ஒரு செய்தி வந்து விழுந்தது. குரல் படித்தது: "சௌம்யா. லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்று அடித்து அனுப்பினாள்.

துலுக்கானம் ஓசைப்படாமல் பின்வாங்கிப் போய்ச் சமையலறைக் கதவைச் சாத்தினான். பொரி தின்னும் சத்தம்கூட வரக்கூடாது என்று அவனிடம் சொல்லிவைத்திருந்தாள்.

இரண்டு மணிக்கு ஹெட்போனில் மணி அடித்தது. எடுத்தாள். மறுமுனையில் எதுவும் இல்லை. தூரத்தில் ஒரு மின்விசிறி, யாரோ மூச்சுவிடுவது. பேசத் தெரியாமல் யாரோ காத்திருந்தார்கள். அவள் அந்த மௌனத்தை அவசரப்படுத்தவில்லை.

"அலோ..." என்றது ஒரு கிழட்டுக் குரல், சந்தேகமாக. "யார்னா கீறீங்களா?"

"இருக்கேன் ஐயா" என்றாள் வசந்தகுமாரி. "சொல்லுங்க."

ஆள்காட்டி விரல் ஜேயில் இருந்தது. சந்தனம் இன்னும் காயவில்லை.